புபூசா ஏன் பிளந்துபோகிறது?

எல் சால்வடோர் நாட்டுச் சட்டமன்றம் 2005இல் தேசிய உணவாக அறிவித்த புபூசா, பூரணம் வைத்துச் சுடும் கனத்த மக்காச்சோள ரொட்டி. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பூரணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். காரியம் கெடுவதோ மாவில்.

சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார் வெறும் ஸ்டார்ச், உதவாது. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவோ தட்டும்போதே உதிரும். வேண்டியது மாசா ஹரினா: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்து உலர்த்திய மாவு. சோளத்தின் தோலை இளக்கி மாவை ஒட்டவைப்பது அந்தச் சுண்ணாம்புதான். அரேப்பா என்ற இன்னொரு மக்காச்சோள ரொட்டிக்கான மாவில் அந்தப் பக்குவம் கிடையாது. பெயரைப் படித்து வாங்குங்கள். (ஒலொகுயில்தா என்ற ஊர் அரிசிமாவுப் புபூசாவுக்கே பேர்போனது. அது தனி வித்தை.)

அடுத்தது தண்ணீர். சப்பாத்தி மாவைவிட இது இளக்கமாக இருக்க வேண்டும். 2 கப் மாவுக்கு ஒன்றரை கப் வெந்நீரில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மூடிவைத்த 10 நிமிடத்தில் மாவு நீரைக் குடித்து இறுகும். மறுபடி தெளித்துப் பிசைய வேண்டும். ஓர் உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் நீர் போதவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அதிகம். இதைப் பார்க்காமல் பூரணத்தை அடைத்துவிட்டு, பிறகு சீஸைத் திட்டுவதில் நியாயமில்லை.

பூரணம் ஆறியிருக்க வேண்டும், ஈரம் வற்றியிருக்க வேண்டும். சிவப்பு பீன்ஸ் மசியலைக் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குச் சுண்டவையுங்கள். சீஸ், நீரில் மிதக்கும் வகையாக இருக்கக் கூடாது. பன்றியிறைச்சிப் பூரணமான சிச்சரோன் என்றதும் பலர் மொறுமொறு பன்றித்தோலைப் போட்டுவிடுகிறார்கள். புபூசாவுக்குள் போவது வறுத்த பன்றியிறைச்சியை விழுதாக அரைத்தது.

பூரிக்கட்டை வேண்டாம். கையில் நீரும் எண்ணெயும் தொட்டுக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் தட்டினால் போதும். காய்ந்த கல்லில் மிதமான தீயில், அடிப்பக்கம் தானாக விட்டுக்கொடுக்கும் வரை திருப்பாதீர்கள். ஓரத்தில் சீஸ் கசிந்து முறுகினால் பதற வேண்டாம், அதற்குத்தான் போட்டியே.

புபூசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் குர்த்தீதோ என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயைக் கடைசி நிமிடத்தில் கலப்பதும் தவறு. கோஸ், கேரட், வெங்காயம், ஓரிகானோவை வினிகரில் முந்தைய இரவே ஊறவையுங்கள். மயோனைஸ் பக்கம் போகவே வேண்டாம்.