பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கள்ளி

என் முதல் யூபோர்பியாவை, சிவப்பாகப் பூக்கும் அந்த முட்செடியை, கொன்றது நான்தான். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஊற்றிய கையோடு அதற்கும் தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீர். மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. தாகம் போலும் என்று மாலையிலும் ஊற்றினேன். ஒரு நாள் தண்டின் அடியைத் தொட்டுப் பார்த்தால் ஊறிய அட்டை போல அமுங்கியது.

செடியின் பிறப்பு மடகாஸ்கரில். 1821இல் அதைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றவர் ரீயூனியன் தீவின் ஆளுநராக இருந்த மிலியஸ். யூபோர்பியா மிலி என்ற பெயர் அவரால் வந்தது. நமக்குத் தெரிய வேண்டியது வேறு. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. முள்ளும் பாலும் இருக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், சிவப்பு மறைத்துவிட்டது. அந்தச் சிவப்புகூடப் பூவிதழ் இல்லை, நிறமேறிய பூவடிச் செதில்கள் இரண்டு, அதாவது உருமாறிய இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சளாக, கண்ணை இடுக்கிப் பார்க்கும் அளவில் இருக்கின்றன. செதில் என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

ஆகவே தண்ணீர்தான் முதல் பாடம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கடும் வெயிலில் வாரம் இரண்டு முறை தேவைப்படலாம்; குளிர் மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறைகூட அதிகம். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். அடைமழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள்.

இலை உதிர்வதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். தண்ணீர் குறைந்தாலும் உதிரும், கூடினாலும் உதிரும். தண்டைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகவோ சற்றே சுருங்கியோ இருந்தால் தாகம், ஊற்றலாம். மெத்தென்று இருந்தால் அழுகல். அழுகல் மேலே ஏறுவதற்குள் நல்ல நுனிகளை வெட்டிப் பிழைக்கவைப்பது ஒன்றே வழி. அடிப்பகுதியில் மட்டும் இலை கொட்டி முள் தெரிந்தால் கவலை வேண்டாம், அது வயது. புது இலை நுனியில்தான் வரும்.

தொட்டி மண்ணால் ஆனதாக, எட்டு அங்குல அகலத்தில் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கிவிடும். தோட்ட மண், பெருமணல், உடைத்த செங்கல் சில்லு மூன்றும் சம அளவு, அதோடு ஒரு கைப்பிடி மக்கிய உரம். தென்னை நார்க்கழிவை நான் சேர்ப்பதில்லை. தண்ணீரைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். நிழலில் வைத்தால் செடி சாகாது, பூக்காது, கொடி போல நீளும். பத்து டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் இடமானால் இரவில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். உரம் வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, கொஞ்சமாக. தழைச்சத்து கூடினால் இலைதான் வரும்.

இனி பால். ஒருமுறை கிளையைக் கிள்ளிவிட்டு அதே விரலால் இமையைத் தேய்த்துவிட்டேன். கால் மணி நேரத்தில் கண் எரிந்து, வீங்கி, மூடிக்கொண்டது. ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தேன். பிறகு மருத்துவரிடம் போனேன், இரண்டு நாள் கழித்துத்தான் பார்வை தெளிந்தது. இன்று என் கவாத்துக் கத்திரிக்கோல் பக்கத்திலேயே கையுறையும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடியும் தொங்குகின்றன. தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டுத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தவழும் குழந்தையும், எதையும் மென்று பார்க்கும் நாயும் இருக்கும் வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். முட்களுக்கு இடையே பொறுமைதான் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது, செய்தித்தாளைப் பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்துத் தூக்குங்கள். கையுறையையும் துளைக்கும் முள் அது.

கிளை நீண்டு ஒல்லியானால் கவாத்து செய்யுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு துளிர் கிளம்பும். வெட்டிய நுனியை வீசாதீர்கள். மூன்று, நான்கு அங்குலத் துண்டின் அடியைத் தண்ணீரில் முக்கிப் பால் நின்றதும், நிழலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். வாய் மூடித் தோல் கட்ட வேண்டும். பச்சையாக நட்டால் அழுகும். பிறகு மணல் கலந்த மண்ணில் ஒரு அங்குலம் செருகி, லேசான ஈரத்தோடு வையுங்கள். வேர் பிடிக்க ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். பிடித்ததற்கு அடையாளம் நுனியில் வரும் புது இலை. பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதீர்கள். நான் ஒன்றை மூன்று முறை பிடுங்கிப் பார்த்தேன். நான்காவது முறை பார்க்க அங்கே செடி இல்லை.