பழைய ஜிஎம்சி மோட்டார் ஹோமின் உயரத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

எங்கள் 1976 ஜிஎம்சி மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) நெடுஞ்சாலையில் நேராகவே போகாது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டயர் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று, பலனில்லை. கடைசியில்தான் பின்பக்கம் தூக்கலாக நிற்பது தெரிந்தது. பின்பக்கம் ஏறினால் முன்சக்கரங்களின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். அப்புறம் வண்டி அலையத்தான் செய்யும்.

1973 முதல் 1978 வரை வந்த எல்லா ஜிஎம்சி மோட்டார் ஹோமுக்கும் அளவு ஒன்றுதான். சேஸிஸ் சட்டத்தில் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். தரையிலிருந்து அந்தத் துளையின் மேல் விளிம்பு வரை முன்னால் 13 1/8 அங்குலம், பின்னால் 11 11/16 அங்குலம். கால் அங்குலம் கூடலாம், குறையலாம்.

டேப்பை வைத்து அளக்காதீர்கள். வண்டிக்கு அடியில் அது வளையும், எண்ணும் தெரியாது. இரண்டு மரக்குச்சிகளை அந்த அளவுக்கே வெட்டி, ‘மு’, ‘பி’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குச்சியை நிறுத்தினாலே உயரமா தாழ்வா என்பது தெரிந்துவிடும்.

சமதளமான சிமென்ட் தரை வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். பயணத்தில் இருப்பது போலவே பெட்ரோல், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றியிருக்கட்டும்.

முதலில் பின்பக்கம். அங்கே வண்டியைத் தாங்குவது பக்கத்துக்கு ஒரு ஏர் பேக், அதாவது காற்றடைத்த ரப்பர் பை. காற்று இறங்கினால் வண்டி சட்டென்று உட்கார்ந்துவிடும். சேஸிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்காமல் கையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள். பைக்குக் காற்றை ஏற்றி இறக்கும் உயர வால்வின் நெம்புகோலைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, நெம்புகோலைத் துளி நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். வால்வு உடனே வேலை செய்யாது. சில விநாடி பொறுத்து அளவு பாருங்கள்.

அடுத்து முன்பக்கம். இங்கே டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி நின்று ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் எஃகுத் தண்டு. அதன் பின்முனையில் உள்ள போல்ட்டை இறுக்கினால் வண்டி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பார் முறுக்கேறி நிற்கும்போது இம்பாக்ட் ரென்ச் (அடித்து அடித்துச் சுழற்றும் பவர் ஸ்பானர்) போட்டுத் திருகவே கூடாது. மரை போய்விடும். பாரின் சுமையை வாங்கிக்கொள்ளும் தனிக்கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள், அந்தக் காசு வீண் போகாது. அதை மாட்டியதும் போல்ட் கையாலேயே சுற்றும். வெளியே எடுத்துத் துடைத்து, மரையிலும் நுனியிலும் நல்ல கிரீஸ் தடவிவிட்டுப் போடுங்கள். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

நான் ஒரு நாள் முழுவதையும் இழந்தது இதற்கு அடுத்த இடத்தில். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி போல்ட்டைத் திருப்பிய பிறகு ஜாக்கை இறக்கினேன், அளந்தேன், உயரம் அதிகம். தளர்த்தினேன். மறுநாள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மூக்கு தொங்குகிறது. தூக்கும்போது முன்சக்கரங்கள் உள்பக்கம் வாங்கும். இறக்கியதும் ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு அவற்றைப் பழைய இடத்துக்கு விரிய விடாது. அதனால் வண்டி பொய்யான உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் பத்தடி முன்னும் பின்னும் ஓட்டிய பிறகே குச்சியை வையுங்கள்.

நாலு மூலையும் சரியான பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அதற்கு முன்னால் பார்த்த அலைன்மென்ட் இனி செல்லாது.

பிற்சேர்க்கை: இடப்பக்கம் சரியானதும் வலப்பக்கம் மாறிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மாறத்தான் செய்யும். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்க உயரமும் கொஞ்சம் மாறும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எனக்கு நான்கு சுற்று ஆனது.