வேலூரிலிருந்து லாலிஷ் போகிறவர்களுக்கு

இராக்கில் வாழும் தனி மதத்தினரான யசீதிகளின் தலையாய புனிதத் தலம் லாலிஷ். வடக்கு இராக்கில், ஐன் சிஃப்னி என்ற சிற்றூருக்குப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அவர்கள் போற்றும் ஞானி, 1162-இல் மறைந்த ஷேக் அதியின் சமாதி அங்கேதான். ஐன் சிஃப்னிக்கு ஷேக்கான் என்றும் பெயர். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நமது வெளியுறவுத் துறையின் எச்சரிக்கை அறிவிப்பைப் பாருங்கள். சந்தேகமிருந்தால், வடக்கு இராக்கின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானின் தலைநகர் எர்பிலிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அதன் பிறகே டிக்கெட். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். துபாய் அல்லது தோஹாவில் மாறி எர்பில். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரை இருந்தால் திரும்பி வரும் டிக்கெட்டின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும். செலவுக்குக் கசங்காத, கிழியாத புது டாலர் நோட்டுகள். ரூபாயை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போக வேண்டாம்.

பலர் சறுக்குவது சாலையில்தான். குர்திஸ்தான் பகுதி மட்டும் தரும் விசா, இராக்கின் மற்ற பகுதிகளுக்குச் செல்லாது. எர்பிலில் டாக்ஸி பேசும்போதே, குர்திஸ்தானுக்கு வெளியே இருக்கும் மோசூல் பக்கம் போகாமல் குர்திஸ்தானுக்குள்ளேயே போகும் பாதை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் வீண். குர்திஸ்தானின் இன்னொரு நகரான துஹோக்கில் தங்கினால் ஷேக்கானுக்கு ஷேர் டாக்ஸி உண்டு. அங்கிருந்து லாலிஷுக்குத் தனி வண்டி. காத்திருப்புக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள், மேலே திரும்ப வண்டி கிடைப்பது அரிது.

யசீதி புத்தாண்டு, ஏப்ரல் 14 அன்றோ அதற்கு அடுத்தோ வரும் முதல் புதன்கிழமை. 2027-இல் அது நம் சித்திரை முதல் நாளிலேயே விழுகிறது. முந்தின நாள் மாலை விளக்கேற்றுவார்கள். பார்க்க வேண்டியது அதுதான். கூட்டம் ஆகாதவர்கள் புதனையும், விடுமுறை நாளான வெள்ளியையும் தவிர்த்துவிடலாம்.

உள்ளே செருப்பு கூடாது, கோயிலுக்குள் மட்டுமல்ல, ஊர் முழுக்க. வேலூர் வெயிலில் காய்ந்த காலுக்கு ஏப்ரல் மாதத்து ஈரக் கல் சில்லிடும். காலுறை போடலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் ஜாடிகள் இருக்கும் அறையில் தரை வழுக்கும், சுவரோரமாகப் போங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். இது நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லிக் கொடுத்ததுதான். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். நீல நிறத்தை அவர்கள் மரபில் தவிர்ப்பார்கள், வெள்ளை நல்லது.

தூண்களில் பட்டுத் துணிகள் சுற்றியிருக்கும். அதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும், அப்போதுதான் முன்னால் வந்தவரின் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. பிறகே உங்கள் முடிச்சு. அவிழ்க்காமல் கட்டிவிட்டு வருகிறவர்களே அதிகம். ஜம்ஜம் ஊற்றுக் குகைக்குள் மற்றவர்களுக்கு அனுமதியில்லை; வற்புறுத்தாதீர்கள்.

அவர்கள் வணங்குவது மயில் வடிவத் தேவதூதரான தாவூசி மெலக்கை. வள்ளிமலையும் ரத்தினகிரியும் பார்த்த கண்ணுக்கு முருகன் நினைவு வரும். அது தப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் படித்ததை வைத்து, ‘நீங்களும் முருக பக்தர்கள்தான்’ என்று அவர்களிடமே விளக்க வேண்டாம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் குறும்புப் பிள்ளையைச் செல்லமாக ‘ஷைத்தான்’ என்பார்களே, அந்தச் சொல் அங்கே விளையாட்டுக்கும் வாயில் வரக்கூடாது. சாத்தானை வணங்குகிறவர்கள் என்ற பழியைச் சுமத்தித்தான் இவர்களைத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடினார்கள். 2014 ஆகஸ்டில், யசீதிகள் வாழும் சிஞ்சாரில் ஐ.எஸ். அமைப்பினர் நடத்திய படுகொலைக்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். மண்ணிலும் நீரிலும் துப்புவதும் அவர்களுக்குப் பாவம். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் ஷேக்கானிலேயே வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறுங்கள்.