தாது வருடத்தில் செத்தவர்களுக்குப் படைக்கும் முறை

ஆடி அமாவாசையில் கோணேசருக்குப் போய்த் தீர்த்தமாடி அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவேன். வந்த பிறகு எங்கள் வீட்டில் இன்னொரு படையல் உண்டு. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் பட்டினியாலும் அதோடு வந்த நோயாலும் செத்தவர்களுக்கு. திருகோணமலையில் என்னைப் போல மாத்தளைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. நீங்களும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அரிசியை நிறுங்கள். ஒரு றாத்தல் பாணின் நிறை, 450 கிராம். கூட ஒரு பிடி போடாதீர்கள். 1877இல் நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டிய ஆணுக்கு, பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறித்த தானியம் அவ்வளவுதான். கையில் ஓர் அணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. இதே டெம்பிள்தான் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிச் சனங்களைக் காப்பாற்றியவர். செலவு கூடிப்போயிற்று என்று மேலிடம் ஏசியதும் தெற்கில் கையை இறுக்கிவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. காப்பாற்றும் வழி தெரிந்தே இருந்தது.

தட்டில் கொட்டினால் அரிசி நிறையத்தான் தெரியும். பிள்ளைகள் "இவ்வளவு போதாதா?" என்று கேட்பார்கள். குழம்பில்லை, பருப்பில்லை, விடிந்ததும் மண்வெட்டி என்று சொல்லுங்கள். இந்தியாவில் மொத்தமாகச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பதை அப்புறம் சொல்லலாம்.

பிறகு அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போட்டுக் கஞ்சி. முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தேங்காய்ப்பால் விட வேண்டாம். சிரட்டையில் ஊற்றித் தெற்கே பார்த்து வையுங்கள்.

பெயர் சொல்லிப் படைப்பதுதான் வழக்கம். பெயர் தெரியாவிட்டால் உறவைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என் அம்மாயியின் அம்மாயி அந்தப் பஞ்சத்தில் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு, வந்தவர், அப்போது சிறுபிள்ளை. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த காட்டுவழியில் அவருடைய தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டுக் கூட்டத்தோடு நடந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை அம்மாயி கேட்டு வைக்கவில்லை. நாங்கள் "தம்பி, வந்து குடி" என்றுதான் கூப்பிடுகிறோம்.

இதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, "நம்மாட்கள் எந்த ஊர்?" என்று கேளுங்கள். சேலம், திருச்சி என்று நிறுத்தினால் விடாதீர்கள். கிராமம், குலசாமி கோயில், தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டி வந்த கங்காணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். படைக்கும்போது அந்த ஊர்ப் பெயர்களையும் சத்தமாக வாசியுங்கள்.

கஞ்சியை எல்லோரும் குடிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். மிஞ்சினால் கொட்டக் கூடாது, அம்மாயி இதில் மட்டும் கண்டிப்பு. மறுநாள் காலையில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிடலாம்.