ஆபீஸ் நெட்வொர்க்: வொர்க்குரூப் போதுமா, டொமைன் வேண்டுமா?

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் எத்தனை கம்ப்யூட்டரில் அவருக்கு யூசர் அக்கவுன்ட் போடுகிறீர்கள்? வொர்க்குரூப்பில் ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரும் தன் யூசர் பட்டியலைத் தானே வைத்திருக்கும். டொமைனில் அந்தப் பட்டியல் டொமைன் கன்ட்ரோலர் சர்வரில் மட்டும் இருக்கும். பத்து கம்ப்யூட்டருக்குள் என்றால் வொர்க்குரூப்பே போதும். சர்வர் வீண் செலவு.

வொர்க்குரூப்பில் ஃபைல்களை ஒரே கம்ப்யூட்டரில் வையுங்கள். அதில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கி, நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அந்த யூசருக்கு ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேபிலும் அனுமதி வேண்டும். ஷேரிங்கில் எழுத விட்டு, செக்யூரிட்டியில் படிக்க மட்டும் விட்டால் ஃபைல் திறக்கும், சேவ் ஆகாது. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். பிறகு மற்ற கம்ப்யூட்டர்களில் அதே யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து டிரைவாக மேப் செய்யலாம், அதாவது சி டிரைவ் போல ஓர் எழுத்தில் தெரிய வைக்கலாம்.

இங்கே அடிக்கடி சிக்குவது பாஸ்வேர்டில்தான். பாஸ்வேர்டு இல்லாத அக்கவுன்ட்டை விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. லாகின் செய்யும் பின் நம்பரும் செல்லாது. அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும். இன்னொன்று, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டருக்கு மேல் ஷேரில் சேர முடியாது.

டொமைனுக்குப் போவதென்றால் ஹோம் எடிஷன் சேராது, புரோ வேண்டும். விண்டோஸ் சர்வர் லைசென்ஸோடு, யூசருக்கோ கம்ப்யூட்டருக்கோ தனி ஆக்சஸ் லைசென்ஸும் வாங்க வேண்டும். லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள் 4.0 (2012) முதல் டொமைன் கன்ட்ரோலர் வேலையைச் செய்யும், ஆனால் பார்த்துக்கொள்ள விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

சர்வருக்கு மாறாத ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுங்கள். பெயரைக் கேட்டால் முகவரி சொல்வது டிஎன்எஸ்; எல்லாக் கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் செட்டிங்கிலும் அந்த ஐபி மட்டுமே இருக்கட்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாக 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) போடுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். டொமைன் கன்ட்ரோலர் எங்கே என்பதைக் கம்ப்யூட்டர் டிஎன்எஸ்ஸில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. கூகுளுக்கு உங்கள் ஆபீஸ் டொமைன் தெரியாது. இன்டர்நெட்டுக்கு சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டர் வைத்தால் போதும், தனக்குத் தெரியாததை அது வெளியே கேட்டுக்கொள்ளும்.

கடிகாரத்தையும் பாருங்கள். சர்வர் நேரத்துக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும். பழைய மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும். பாஸ்வேர்டு மேல் பழி போடாதீர்கள்.

சர்வர் படுத்துவிட்டால், ஏற்கெனவே அதே கம்ப்யூட்டரில் நுழைந்தவர்கள் பழைய பதிவை வைத்து லாகின் ஆகலாம், புதியவர்களால் முடியாது. முடிந்தால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் வையுங்கள்.

டொமைனில் சேர்த்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியும். டொமைன் அக்கவுன்ட்டுக்குப் புது புரொஃபைல் (தனி டெஸ்க்டாப், ஃபைல்கள், செட்டிங்) உருவானதால் அப்படி. பழைய ஃபைல்கள் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய பெயரிலேயே இருக்கும். சேர்க்கும் முன் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள்: சர்வரோடு உறவு முறிந்தால் கம்ப்யூட்டருக்குள் நுழைய அதுதான் நம்பகமான வழி.