பிள்ளைக்குப் பணம் தராத அப்பாவின் வருமானக் காகிதங்களை கோர்ட்டு மூலம் வாங்குவது எப்படி

பிள்ளைக்குச் சேரவேண்டிய பணத்தை அப்பா இழுத்தடிக்கும்போது, அவருக்கு எவ்வளவு வருமானம் என்று நிரூபிக்கிற பாரம் முழுக்கத் தங்கள் தலையில்தான் என்று நம் பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் 1998-ஆம் வருஷத்து மெயின்டனன்ஸ் சட்டம், அதாவது பராமரிப்புப் பணச் சட்டம், அவருடைய சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் வரவழைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் கேட்காமல் அது தானாக நடக்காது. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று, கோர்ட்டில் இந்த மனுக்களைக் கவனிக்கும் மெயின்டனன்ஸ் ஆபீசருக்கு எடுத்துக் கொடுக்கவேண்டியவர் நீங்கள்தான்.

நான் டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோர்ட்டிலிருந்து வரும் சம்மனுக்குப் பதில் எழுதுவது, சம்பளத்தில் பிடித்து அனுப்புவது எல்லாம் என் மேஜை வேலை. இப்போது சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படிவம் ஜே101. நீங்களோ பிள்ளையோ இருக்கும் வட்டாரத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கொடுக்கவேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உங்கள் ஐடி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், பள்ளிக் கட்டணம், மருந்து, மளிகை ரசீதுகள் எல்லாம் சேர்ந்து போகவேண்டும். உங்கள் கணக்கையும் எதிர்த்தரப்பு பார்க்கும். தங்கச்சி அனுப்புகிற பணமோ வீட்டில் தைத்துச் சம்பாதிப்பதோ, எதையும் மறைக்காதீர்கள்.

அதோடு இன்னொரு தாளை நீங்களே எழுதி வையுங்கள். படிவத்தை விட முக்கியமானது அதுதான். பிள்ளையின் அப்பாவைப் பற்றித் தெரிந்த எல்லாம் அதில் வரவேண்டும். தலைப்பில் அவருடைய 13 இலக்க ஐடி எண். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கோவெண்டர், நாயுடூ, பிள்ளை, மூட்லி என்ற குடும்பப் பெயர்கள்தான். போதாக்குறைக்கு ஊரே ‘சன்னி’ என்று கூப்பிடுகிற ஆளுக்கு ஐடியில் வேறு பெயர் இருக்கும். எண் இல்லாமல் எந்தக் கம்பெனியாலும் சரியான ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழிலும் கல்யாணச் சான்றிதழிலும் அந்த எண்ணைத் தேடுங்கள்.

அதற்குக் கீழே வேலை செய்யும் இடத்தின் முழுப் பெயரும் முகவரியும். வேலைச் சட்டையில் தைத்திருக்கும் கம்பெனிப் பெயர் கூடப் போதும். முன்பு எப்போதாவது உங்களுக்குப் பணம் அனுப்பியிருந்தால் எந்த வங்கி என்று உங்கள் கணக்கிலேயே தெரியலாம், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பர், சொந்தத் தொழில் இருந்தால் அதன் பெயர், எந்த அண்ணன் வீட்டில் தங்குகிறார் என்பதெல்லாம் வேண்டும். மெயின்டனன்ஸ் ஆபீசருக்கு இருப்பிடத்தையும் வருமானத்தையும் விசாரிக்கிற அதிகாரம் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருக்கிறது. சில கோர்ட்டுகளில் அதற்கென்றே புலனாய்வாளர் இருப்பார். அவருக்கு வேலை கொடுப்பது இந்தத் தாள்தான்.

அடுத்து, எந்தக் காகிதம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “சம்பள விவரம்” என்று பொதுவாகக் கேட்டால், மூன்று மாதச் சீட்டு வரும். ஓவர்டைம் இல்லாத மூன்று மாதமாகப் பார்த்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. முதலாளியிடமிருந்து ஐஆர்பி5 என்ற வருடாந்தர வருமான, வரிச் சான்றிதழைக் கேளுங்கள். மார்ச் முதல் பிப்ரவரி வரை ஒரு வருஷ வருமானம் முழுவதும் அந்த ஒரே தாளில் வந்துவிடும். எண்களைப் படிக்கப் பழகுங்கள்: 3601 சம்பளம், 3605 போனஸ் போன்ற வருடாந்தரப் பணம், 3606 கமிஷன், 3701 பயணப் படி, 3802 கம்பெனி கார். 4001-ம் 4003-ம் பென்ஷன், பிராவிடன்ட் பிடித்தம்; எதிர்காலத்துக்கு ஒரு பணம் சேர்கிறது என்று அவை காட்டும்.

பிறகு சம்பளச் சீட்டுக்கு வாருங்கள். கடைசி வரியில் இருக்கும் கைக்கு வருகிற தொகையைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அதற்கு மேலே ஒவ்வொரு பிடித்தத்தையும் பாருங்கள். வரியும், யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டுக்கான 1 சதவீதமும் அவர் கையில் இல்லாதவை. ஸ்டாஃப் லோன், கூடுதல் சேமிப்பு, இறுதிச்சடங்கு பாலிசி இரண்டு மூன்று என்று இருந்தால் அவை அவராகச் சேர்த்துக்கொண்டவை. விசாரணையில் ஆபீசரிடம் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, “இந்த லோன் எப்போது எடுத்தது?” என்று கேட்கச் சொல்லுங்கள். மனு போட்ட அடுத்த மாதமே ஆரம்பித்த லோனை என் மேஜையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிள்ளையின் சாப்பாட்டைக் குறைக்க அது ஒரு காரணமே அல்ல.

வங்கிக் கணக்கை ஒரு வருஷத்துக்குக் கேளுங்கள். சம்பளம் தவிர வரும் வரவுகளைக் கோடிடுங்கள். சனிக்கிழமை தோறும் ஒரே மாதிரித் தொகை வந்தால் அது தனி வேலைக் கூலியாக இருக்கலாம். சம்பளம் வந்த அன்றே பெரும்பகுதி இன்னொரு கணக்குக்குப் போனால் அந்தக் கணக்கின் விவரத்தையும் கேட்கவேண்டும். அவராகத் தரவில்லை என்றால் 9-ஆம் பிரிவின் கீழ் வங்கிக்கோ முதலாளிக்கோ சம்மன் அனுப்பச் செய்ய ஆபீசரால் முடியும். வாயால் சொல்லி விட்டுவிடாமல் எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள்.

சொந்தத் தொழில்காரர்கள்தான் கஷ்டம். சம்பளச் சீட்டே இருக்காது. கம்பெனிப் பதிவு சிஐபிசி என்ற கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் இருக்கும், வீடு நிலம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் பொதுமக்களே தேடிப் பார்க்கலாம். வரித்துறையான சார்ஸ் விஷயம் வேறு. 2011-ஆம் வருஷத்து வரி நிர்வாகச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு வரி விவரத்தை ரகசியமாக வைத்திருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு கேட்டால் சார்ஸ் கொடுக்காது. ஆகவே ஐடிஏ34 என்ற அவருடைய வரி மதிப்பீட்டுத் தாளை அவரே கொண்டுவரவேண்டும் என்று கேளுங்கள்.

“போப்பியா இருக்கிறது, தரமாட்டோம்” என்று சில அலுவலகங்கள் சொல்லும். போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடப்பில் இருப்பது உண்மை. நீங்களே போய்க் கேட்டால் அவர்கள் மறுப்பதும் சரிதான். ஆனால் சட்டக் கடமையை நிறைவேற்றத் தகவல் தருவதை அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. கோர்ட்டுச் சம்மனை அது தடுக்காது. வங்கியில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பெண்ணிடம் ரகசியமாகப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். அவள் வேலை போகும், உங்கள் வழக்கும் கெடும். நேர்வழி திறந்திருக்கும்போது அந்தப் பாவம் எதற்கு?

ஆளே எங்கே என்று தெரியவில்லையா? 2015-இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு வழி கொடுத்திருக்கிறது. அந்தப் பகுதி 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. கண்டுபிடிக்க எல்லா முயற்சியும் செய்தாயிற்று என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால், போன் கம்பெனி தன்னிடமுள்ள தொடர்பு விவரத்தைத் தரவேண்டும் என்று உத்தரவிடலாம். யாரோடு பேசினார் என்ற கணக்கு வராது. முகவரி மாதிரி விவரம்தான். அதனால் பழைய வீட்டுக்குப் போனது, அவருடைய அம்மாவிடம் கேட்டது, செய்தி அனுப்பியது எல்லாம் தேதியோடு எழுதி வைத்திருங்கள். அந்தத் திருப்தியை உண்டாக்குவது அந்தக் குறிப்புகள்தான்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வராமல் 10 நாள் கடந்தால் திரும்பப் போகலாம். உத்தரவின் பிரதியும், பாக்கி எவ்வளவு என்ற பிரமாணப் பத்திரமும் வேண்டும். போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகக் கையெழுத்து வாங்கலாம். சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்கும்படி கேட்பதுதான் எனக்குத் தெரிந்தவரை நிம்மதியான வழி. ஆள் வேலையை விட்டால் முதலாளி 7 நாளுக்குள் கோர்ட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். பல சம்பளப் பிரிவுகளுக்கு இது தெரியாது, ஆகவே ஒரு மாதப் பணம் தவறினாலே ஆபீசருக்குச் சொல்லிவிடுங்கள். தராதவர் பெயர் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் போகும். கார் லோன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். குற்றம் நிரூபணமானால் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. ஆனால் சிறையில் இருப்பவரிடமிருந்து பிள்ளைக்கு என்ன வரும்? அதைக் கடைசியாக வையுங்கள்.

வேலையை ராஜினாமா செய்து பிராவிடன்ட் பணத்தோடு மறைந்துவிடுவார் என்று சந்தேகம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். பிள்ளையின் வருங்காலச் செலவுக்காக அந்தப் பணத்தை நிறுத்திவைக்கும்படி டர்பன் உயர் நீதிமன்றமே முன்பு உத்தரவிட்டிருக்கிறது. மெயின்டனன்ஸ் உத்தரவுக்காக நிதியிலிருந்து பிடிக்கப் பென்ஷன் நிதிச் சட்டத்தின் 37டி பிரிவும் இடம் தருகிறது. நிதியின் பெயர் பெரும்பாலும் சம்பளச் சீட்டிலோ வருடாந்தரப் பலன் அறிக்கையிலோ இருக்கும். 2024 செப்டம்பர் 1 முதல் வேலையில் இருக்கும்போதே அதில் ஒரு பங்கை எடுக்கலாம் என்பதால், வங்கிக் கணக்கில் அப்படி ஒரு பெரிய வரவு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் தேதியையும் தொகையையும் நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாளில் சேர்த்து எழுதி, அன்றைக்கே ஆபீசரிடம் கொடுங்கள்.