முதல் செமஸ்டருக்கு முன்பே ஸ்க்ரைப் கேளுங்கள்

நான் பார்வையற்றவள், பி.ஏ. வரலாறு படித்தேன். முதல் செமஸ்டர் தேர்வில் எனக்கான ஸ்க்ரைப், அதாவது கேள்வியை வாசித்து, நான் சொல்லும் விடையை எழுதுபவர், 40 நிமிடம் தாமதமாகத்தான் வந்தார். அதுவரை கேள்வித்தாள் மேசையில் கிடந்தது, வாசித்துச் சொல்ல ஆளில்லை. "பார்த்துக்கலாம்மா" என்று துறையில் சொன்னதை நம்பி, நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதனால் கல்லூரியில் சேரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சேர்ந்த வாரமே கடிதம் கொடுங்கள். முதல்வருக்கு ஒன்று, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒன்று. யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் ஜெராக்ஸை இணையுங்கள். "வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஸ்க்ரைப், கூடுதல் நேரம், தனி அறை, வரைபடக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17 என்று ஒரு வரி சேருங்கள். ஸ்க்ரைபும் கூடுதல் நேரமும் அதிலேயே இருக்கின்றன. மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும். 3 மணி நேரத் தேர்வென்றால் 1 மணி நேரம் கூடுதல். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், எழுதுவதில் சிரமம் இருந்தால் கேட்கலாம். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

சரி, ஸ்க்ரைபாக யாரை அழைப்பது? அவருடைய படிப்பு என்னவாக இருக்கலாம் என்று பல்கலைக்கழக விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடைய தேர்வு அட்டவணையையும் கேளுங்கள். ஜூனியர் மாணவி ஒருத்தி ஆசையோடு ஒப்புக்கொண்டாள். கடைசியில் அதே நாளில் அவளுக்கும் தேர்வு. அன்றிலிருந்து எப்போதும் இரண்டு பேரிடம் பேசி வைத்தேன்.

தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது சேர்ந்து உட்காருங்கள். ஒரு முழு விடையை நீங்கள் சொல்ல, அவர் எழுதட்டும். உங்கள் வேகமும் அவருடைய கையும் ஒத்துப்போக இது ஒன்றுதான் வழி. ஹர்ஷவர்த்தனர், ஜஹாங்கீர் போன்ற பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பழகுங்கள். புதுப் பத்தி, அடிக்கோடு எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். தேர்வறையில் முதலில் கேள்வித்தாள் முழுவதையும் மதிப்பெண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள். விடை முடிந்ததும் கடைசி வரியைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். எனக்குப் பாதி வாக்கியங்கள் விட்டுப்போனது அப்போதுதான் தெரிந்தது.

கல்லூரியில் மறுத்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முதலில் கொடுத்த கடிதத்தின் சீல் வைத்த நகலை ஹால் டிக்கெட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். அறைக் கண்காணிப்பாளர் புதியவராக இருந்தால் அதைத்தான் முதலில் நீட்ட வேண்டியிருக்கும்.